மரேத்தாவின் கிண்ணம்

ஆகஸ்ட் 4, திங்கள்

பழைய நோட்டு சனிக்கிழமையோடு முடிந்தது. இது ஜூன் மாதக் கப்பலில் வந்த நோட்டு. அதற்குள் அட்டையில் ஈரம் ஏறி உப்பிவிட்டது. இந்தத் தீவில் பிஸ்கட், தீப்பெட்டி, வேதாகமம் எல்லாமே கொஞ்சம் உப்பித்தான் இருக்கும்.

காலையில் பள்ளி. பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள், மற்றவர்கள் மீனுக்குப் போய்விட்டார்கள். மழைத்தொட்டியில் கால்வாசித் தண்ணீர்தான் இருக்கிறது. அவர் ஏணி வைத்து ஏறி, காற்றில் தூக்கிக்கொண்ட கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தார். ஐம்பத்தெட்டு வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று சொன்னால், "நீ ஏறுறியா?" என்கிறார்.

குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

மீன் குழம்பு வைத்தேன். புளி இன்னும் இரண்டு உருண்டைதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

அவருக்குக் குக்கர் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் அடுப்புப் பக்கம் வந்தது வெந்நீருக்கு மட்டும்.

இந்தக் குக்கர் எங்கள் சொந்த ஊரான நாசரேத்திலிருந்து எங்களோடு கப்பல் ஏறியது. அது விசில் அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும், ஊர் என்பதே முந்நூறு பேர்தான். சின்னப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று விசிலை எண்ணுவார்கள். மூன்றாவதற்குக் கைதட்டிவிட்டுக் கலைந்து போவார்கள்.

"இப்ப என்னத்துக்கு இது? நீதான் இருக்கேல்லா?" என்றார்.

ஆண்பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் ஊற்றச் சொன்னால் மூன்று ஊற்றிவிட்டார். சோறு குழைந்து பசையாகிவிட்டது. அதையே மோர் மாதிரி ஏதோ செய்து குடித்தோம்.

மாலையில் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். சர்க்கரை மாத்திரை நீல டப்பாவில். குக்கருக்கு மாற்று ரப்பர் தையல் பெட்டியில். அவருடைய வெள்ளை அங்கிக்கு நீலம் மேல் தட்டில். எதற்கும் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

பக்கத்து வீட்டு மரேத்தாவிடம் அவளுடைய சின்னம்மா மகள் வந்து, புதிதாக முடைந்த பாயைக் கேட்டாள். நான்கு மாதம் முடைந்த பாய். மரேத்தா ஒரு வார்த்தை பேசாமல் சுருட்டிக் கொடுத்துவிட்டாள்.

இங்கே இதுதான் வழக்கம். ஒருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, இது எனக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது. ஏன் என்றும் கேட்கக் கூடாது. அதனாலேயே யாரும் லேசில் கேட்பதும் இல்லை. கேட்டவரிடம் பின்னொரு நாள் கொடுத்தவரும் போய்க் கேட்கலாம், அது பத்து வருடம் கழித்துக்கூட இருக்கலாம்.

நாங்கள் வந்து ஆறு வருடமாகிறது. ஒரு தேங்காய் கூடக் கேட்டதில்லை. அது அவருடைய சட்டம். முதன்முதலில் அவரைப் போட்ட கிராமத்தில், முன்பு இருந்த குருவானவர் வீடு வீடாகப் போய்க் கோழி கேட்பாராம். அவர் மாற்றலாகிப் போய்ப் பல வருடம் ஆனபிறகும் அவரைக் 'கோழி ஐயர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே இவர் முடிவு செய்துவிட்டார்: கொடுக்கத்தான் வந்திருக்கிறோம், கேட்க வரவில்லை. போன வருடப் புயலில் சமையலறைக் கூரை பறந்தபோதும், கப்பலில் தகரம் வரும்வரை இரண்டரை மாதம் குடை பிடித்துச் சமைத்தேன். ஊரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள். எங்களை மதிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அதே அளவுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

மரேத்தா சுட்ட ஈரப்பலாக்காய் கொண்டுவந்தாள், மரக் கிண்ணத்தில், மேலே தேங்காய்ப் பால் ஊற்றி. அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். பெரிய உடம்பு, சின்னக் குரல். நான் ஏன் இரண்டு நாளாகப் பெண்களோடு கிணற்றடிக்கு வரவில்லை என்று கேட்டாள். தலைவலி என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

எப்போதும் போல மாலைக்குள் கிண்ணத்தைக் கழுவி, சர்க்கரை நிரப்பித் திருப்பிக் கொடுத்தேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது அம்மா பழக்கியது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை உப்பாவது போட்டு அனுப்புவாள். மரேத்தா வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. அவள் ஒருபோதும் சொல்வதில்லை.

அவர் இன்றைக்குத் தானே சோறு வைத்தார். சரியாக வந்தது. பாராட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பிரசங்கத்தில் அவர் ஒரு பக்கம் தாண்டிப் படித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. ஆராதனை முடிந்து வந்ததும் மேசையில் உட்கார்ந்து யாருக்கோ கடிதம் எழுதினார். நான் போனதும் வேதாகமத்துக்குள் வைத்து மூடினார்.

கப்பல் செப்டம்பர் 11. இன்னும் இருபத்தைந்து நாள். அதில் ஏறிப் பெரிய தீவுக்குப் போனால் ஆஸ்பத்திரி இருக்கிறது. பல் வலி என்று சொல்லிப் போகலாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ரேடியோவில் செய்தி வந்தது. கப்பலின் எஞ்சின் பழுதாம். நவம்பருக்கு முன்னால் வராது.

இந்தத் தீவின் ஒரே ரேடியோ கூட்டக் கொட்டகையில் இருக்கிறது. அதில் பேசினால் ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்கும். மருத்துவத்துக்கு இங்கே இருப்பது நானும், நான் எடுத்த நாற்பது நாள் பயிற்சியும், ஒரு தகரப் பெட்டி மருந்தும்தான்.

எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கும் இடது பக்கம்தான். அப்பாவிடம் சொல்லாமல் நான்கு மாதம் வைத்திருந்தாள், என் பி.எஸ்சி. பரீட்சை முடியட்டும் என்று. நான் முதல் வகுப்பில் தேறினேன். டாக்டர் எங்களிடம், நான்கு மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்றார்.

ஆகஸ்டிலிருந்து நவம்பர், அதுவும் நான்கு மாதம்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மரேத்தாவின் தம்பி கயோமாவிடம் மோட்டார் படகு இருக்கிறது. பெரிய தீவுக்கு ஒன்பது மணி நேரம். பெட்ரோல் இரண்டு பீப்பாய் வைத்திருக்கிறான், ஆனால் அது அவன் மகள் ருத்தேயின் கல்யாணத்துக்கு. செப்டம்பர் ஆறாம் தேதி மாப்பிள்ளை வீட்டாரைப் பக்கத்துத் தீவிலிருந்து அழைத்துவர வேண்டும். கப்பல் வராததால் வேறு பெட்ரோல் கிடையாது.

கேட்டால் கொடுத்துவிடுவான். மறுக்க முடியாது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

கயோமா வீட்டுக்குப் போனேன். நான்கு பக்கமும் திறந்த வீடு, பரண் மாதிரி உயர்த்திக் கட்டியது. ஏறி உட்கார்ந்தேன். ருத்தே கல்யாணப் பாய் முடைந்துகொண்டிருந்தாள். கயோமா என் எதிரில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து காத்திருந்தான். ஒருவர் வந்து உட்கார்ந்தால் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ருத்தேயின் விரல்களைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"தேங்காய் வேண்டும்" என்றேன்.

கயோமாவின் முகம் முழுக்க ஒரு சிரிப்பு பரவியது, ஆறு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. எழுந்துபோய் ஊரைக் கூப்பிட்டான். "போதகரம்மா தேங்காய் கேட்டுவிட்டாள்!" என்று கத்தினான். நான் வீடு வந்து சேர்வதற்குள் வாசலில் நாற்பது தேங்காய் கிடந்தது. இன்னும் வந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே மூன்று தென்னை நிற்கிறது.

அவர் வெளியே வந்து குவியலைப் பார்த்தார். "இதை நீயா கேட்ட?" என்றார். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, இந்த ஊர்க்காரர் மாதிரி. உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

மத்தியானம் பள்ளி விட்டதும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் மேசையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். இரண்டு வாக்கியம்தான் ஆயிற்று.

அவர் கை அரிசிக்குள்ளேயே இருந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு, "அப்ப நீ போகலையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வேதாகமத்துக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மிஷன் அலுவலகத்துக்கு எழுதியது. தனக்கு வயதாகிவிட்டது, மனைவி இங்கே சோர்ந்து போயிருக்கிறாள், எங்கள் இருவரையும் சேர்த்தே திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். 'சேர்த்தே' என்பதை அடிக்கோடிட்டிருந்தார்.

"குக்கர் வைக்கக் கத்துக்குடுத்த அன்னைக்கே நினைச்சேன். அலமாரியில தாளு வேற ஒட்டிட்ட. கப்பல் வந்ததும் என்னை விட்டுட்டு ஊருக்குப் போயிருவன்னு."

மூன்று வாரமாக ஒரே வீட்டில் நான் ஒன்றுக்குப் பயந்திருக்கிறேன், அவர் ஒன்றுக்குப் பயந்திருக்கிறார். இரண்டு பேரும் மாலை ஜெபத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஊருக்காக ஜெபித்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அது சிரிப்பாக இல்லை. அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"என்கிட்டகூட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா, பியூலா?" என்றார். சற்றுக் கழித்து அவரே சொன்னார்: "எப்படித் தோணும். கேட்காத, கேட்காதன்னு நான்லா படிச்சுக்குடுத்தேன்."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலையில் இருவரும் கயோமா வீட்டுக்குப் போனோம். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். கையில் எங்கள் சூரிய விளக்கும் இரண்டு டின் பிஸ்கட்டும். வெறுங்கையோடு எப்படிப் போவது என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கயோமா வலை தைத்துக்கொண்டிருந்தான். மரேத்தாவும் இருந்தாள். அவர் விளக்கையும் டின்னையும் பாயில் வைத்து அவன் பக்கம் தள்ளிவிட்டுப் பேச ஆரம்பித்தார். படகு ஓட்டும் சிரமத்துக்கு இது, பெட்ரோலுக்கு ஈடாக நவம்பர் கப்பலில் மிஷன் இரண்டு பீப்பாய் அனுப்பும், எழுதித் தரவும் தயார். கோயிலில் முந்நூறு பேருக்குக் கேட்கும் குரல் தட்டுத் தடுமாறியது.

கயோமா நிமிரவில்லை. ஊசி வலைக்குள் போய் வந்துகொண்டிருந்தது. மூன்று நாள் முன்னால் அவ்வளவு சிரித்தவன்.

மரேத்தாதான் பேசினாள்.

"போதகரே, மாற்ற வந்தீர்களா, கேட்க வந்தீர்களா? மாற்றுவதென்றால் கப்பல் வியாபாரி வரட்டும்."

அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆறு வருஷமாக நான் கொடுத்த எதுவும் உங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. பொழுது சாய்வதற்குள் கிண்ணம் சர்க்கரையோடு திரும்பி வந்துவிடும். இங்கே சண்டை போட்டவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். உனக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு. நான் உனக்கு என்ன செய்தேன் என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்."

சின்னக் குரலிலேயே சொன்னாள். நான் எத்தனை கிண்ணம் சர்க்கரை அனுப்பியிருப்பேன் என்று மனதுக்குள் பார்த்தேன். ஒவ்வொன்றையும் எவ்வளவு பெருமையாக அனுப்பினேன். அம்மா பழக்கியது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அதுவும் இன்னொரு ஈடு கட்டுவது போல இருக்கும்.

அவர் விளக்கையும் டின்களையும் எடுத்தார். பரணிலிருந்து இறங்கி, அவற்றை மணலில் வைத்துவிட்டு, மறுபடி ஏறி வெறுங்கையோடு உட்கார்ந்தார். கைகளை மடியில் எப்படி வைப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பி வைத்தார்.

"கயோமா, எனக்கு உன் படகு வேண்டும். பெட்ரோலும் வேண்டும். நீயும் வர வேண்டும்."

அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. கயோமா ஊசியைக் கீழே வைத்தான்.

"எப்போது?"

ருத்தே, எந்தப் பெட்ரோல் போகிறது என்று தெரிந்தும், பாதி முடைந்த கல்யாணப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். படகுப் பலகை கடினமாக இருக்குமாம்.

ஆகஸ்ட் 27, புதன்

கடல். வாந்தி. அவருக்கும்தான். கயோமா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆஸ்பத்திரி. பெண் டாக்டர், என் வயதில் பாதி. அம்மாவைப் பற்றிச் சொன்னேன். தலையசைத்து, கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு ஒரு ஊசியைக் குத்தி இழுத்தாள். கஞ்சித்தண்ணீர் நிறத்தில் குழாய் நிறைந்தது.

"இப்போது தொட்டுப் பாருங்கள்" என்றாள்.

தொட்டேன். இல்லை. இருபத்து நான்கு நாளாக நான் தூங்கும்போதும் தெரிந்த அது இல்லை. வெறும் நீர்க்கட்டி, இந்த வயதில் பலருக்கு வரும், திரையில் கெட்டது எதுவும் தெரியவில்லை என்றாள். அம்மாவுக்கு வந்திருப்பதால் நவம்பரில் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். வருடா வருடமும் காட்ட வேண்டும்.

சட்டையை மாட்டும்போது பொத்தான் கைக்கு அகப்படவில்லை. நர்ஸ் மாட்டிவிட்டாள்.

வெளியே அவர் வேப்பமரம் மாதிரி இருந்த ஏதோ மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் நடந்து வரும் விதத்திலேயே தெரிந்துகொண்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு கிழவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் என் கணவர், கோழி ஐயருக்குப் பயந்து முப்பது வருடம் ஊழியம் செய்தவர், கையை நீட்டினார்.

"பெரியவரே, அதில் பாதி எங்களுக்கு வேண்டும்."

கிழவர் கொடுத்தார். மாறி மாறிக் குடித்தோம். இவ்வளவு ருசியான ஒன்றை நான் குடித்ததில்லை. இது பெரிய வார்த்தைதான், ஆனால் இன்றைக்கு எழுதிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 30, சனி

வீடு. மழைத்தொட்டி நிறைந்து வழிகிறது. கரையில் ஊரே நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மரேத்தா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளைக்குக் கிணற்றடிக்கு வருவாய்" என்றாள். பிறகு நானே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவள் என் கையைப் பிடித்தாள், முடியும்வரை விடவில்லை.

பெட்ரோல் விஷயம் இப்படி முடிந்தது: பெரிய தீவில் கயோமாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் கடை வைத்திருக்கிறான். கயோமா அங்கே போய் உட்கார்ந்தான். ஒன்றரைப் பீப்பாயோடு திரும்பினான். கல்யாணம் ஒரு வாரம் மட்டும் தள்ளிப் போகிறது. மாப்பிள்ளை காத்திருக்கட்டும், அழகு கூடும் என்கிறாள் ருத்தே.

அவர் மிஷனுக்கு எழுதிய கடிதத்தால் அடுப்பைப் பற்றவைத்தேன்.

செப்டம்பர் 3, புதன்

மரேத்தா வந்து வாசல் பாயில் உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"குக்கர் வேண்டும்" என்றாள்.

உள்ளே அவர் இருமினார். நான் எழுந்துபோய்க் குக்கரை எடுத்து, மூடியைத் துடைத்து, விசிலைப் பொருத்தி அவள் கையில் கொடுத்தேன். மாற்று ரப்பரையும் கொடுத்தேன். ஆறு வருடமாக அவளுக்கு அதன் மேல் கண் என்று அப்புறம் சொன்னாள். எங்களிடம் கேட்டால் அன்றைக்கே பதிலுக்கு எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவோமோ என்று பயந்திருக்கிறாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கயோமா வந்து அவருடைய கறுப்புக் குடையைக் கேட்டான். ருத்தே என் ரோஸ் நிறப் புடவையைக் கேட்டாள், கல்யாணத்துக்கு. இன்னொருத்தி வந்து நான் வகுப்பில் சொன்ன குரங்குக் கதையை இன்னொரு தரம் தனக்கு மட்டும் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவர் குடையில்லாமல் வெயிலில் ரேடியோவுக்குப் போய் வந்தார், முகமெல்லாம் சிவந்து, சந்தோஷமாக.

செப்டம்பர் 14, ஞாயிறு

நேற்றுக் கல்யாணம். என் புடவையை ருத்தே இடுப்பில் சுற்றியிருந்த விதத்தை நாசரேத்தில் யாரும் பார்க்க வேண்டாம்.

போன வாரம் மரேத்தா மீன் கொண்டுவந்த மரக் கிண்ணம் இன்னும் இங்கேயே இருக்கிறது. ஒன்பது நாளாகிறது. ஒவ்வொரு முறை அடுக்களைக்குப் போகும்போதும் கை அதைக் கழுவி நிரப்பப் போகிறது. பிடித்து நிறுத்திக்கொள்கிறேன். இன்றைக்கு அதில் வெங்காயம் போட்டு வைத்தேன்.

ஆராதனை முடிந்து வந்து சட்டியில் அரிசி போட்டேன். சட்டிச் சோறு வேக இங்கே அரைநாள் ஆகும். அவர் பசியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அப்போது மரேத்தா வீட்டிலிருந்து விசில் கேட்டது. பிள்ளைகள் எண்ணினார்கள். இரண்டு. மூன்று. கைதட்டினார்கள். நான்கு. ஐந்து.

"குழைஞ்சிருக்கும்" என்றார் அவர், விவரம் தெரிந்தவர் போல.

வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டு வெறும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். போய் உட்கார்ந்து சோறு கேட்கப் போகிறேன்.